ஒற்றை ஸ்பிரிங்கும் ஒரு பிடிவாதமும்

ஹென்றி ஃபோர்டு என்றதும் எல்லாருக்கும் அசெம்பிளி லைன்தான் ஞாபகம் வரும். ஆட்டோமொபைல் பிரிவு மாணவனான எனக்கோ, அவர் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்க்கத்தான் ஆசை. அவருடைய திறமையும் பிடிவாதமும் அங்கேதான் ஒன்றாய் இருக்கின்றன.

1863-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விவசாயி மகனாகப் பிறந்தார். 1879-ல் டெட்ராய்ட் போய் மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நம்மைப் போல கையில் கிரீஸ் பட்டுக் கற்றவர்தான்! 1903-ல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் மாடல் டி வந்தது.

அன்றைய கிராமத்துச் சாலைகள் வெறும் வண்டித்தடம். அதற்காக முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என லீஃப் ஸ்பிரிங்கைக் குறுக்காக வைத்தார். நடுப்பகுதி சேசிஸில், இரு நுனிகளும் ஆக்ஸிலில். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் சேசிஸ் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. எடையும் குறைவு, செலவும் குறைவு. சும்மா சொல்லக்கூடாது, அருமையான யோசனை!

1925-ல் அதே வண்டி, பின்னால் பெட்டியும் கனமான ஸ்பிரிங்குமாக, 281 டாலருக்கு பிக்கப்பாக வந்தது. இங்கேதான் சிக்கல். ஸ்பிரிங் கடினமாக இருந்தால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். மிருதுவாக இருந்தால் மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் ஹெல்பர் ஸ்பிரிங். மெயின் ஸ்பிரிங்குக்கு மேலே சும்மா இருக்கும். பாரத்தில் சேசிஸ் இறங்கி பிராக்கெட் அதன் நுனியைத் தொட்ட பிறகே வேலை செய்யும். பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் உள்ள ஸ்பிரிங்குகளின் மேல் இதைப் பொருத்துவது சுலபம். ஒற்றைக் குறுக்கு ஸ்பிரிங்கிலோ, உயரமாய் பாரம் ஏற்றினால் வண்டி பக்கவாட்டில் ஆடும்.

மற்ற கம்பெனிகள் நீள ஸ்பிரிங்குக்குப் போயும் ஃபோர்டு அசையவில்லை. அவருடைய பிக்கப் 1942-ல்தான் மாறியது. கார்களோ 1949 மாடலில்தான் மாறின. அதைப் பார்க்க அவர் இல்லை. 1947 ஏப்ரல் 7-ல் காலமானார்.

1908-ல் போட்ட கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சாலை மாறியது, வேகம் மாறியது, பாரம் மாறியது. கணக்கை மட்டும் அவர் மாற்றவில்லை. தோழர்களே, நாளை நாமும் டிராயிங் போர்டு முன் நிற்போம். ஜெயித்த டிசைன்தானே என்று விடாமல், பாரம் மாறும்போதெல்லாம் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம்!