வள்ளி திருமண மேடையில் விடுதலைப் பாட்டு: 29 முறை கைதான விஸ்வநாத தாஸ் யார்?

2020 ஜனவரி மாதம். அயர்லாந்தில் ஒரு பழைய பாட்டு திடீரென்று ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு முன்பு அங்கே அட்டூழியம் செய்த 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்ற பிரிட்டிஷ் படையை வம்புக்கு இழுக்கும் பாட்டு அது. பாடியது வுல்ஃப் டோன்ஸ் குழு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால போலீஸ்காரர்களுக்கு நினைவு நிகழ்ச்சி நடத்தப்போவதாக அயர்லாந்து அரசு அறிவித்ததுதான் காரணம். கோபம் வந்த மக்கள் அந்தப் பாட்டைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்தார்கள். அரசு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தது.

அந்தப் பாட்டின் துண்டுகள் இன்றைக்கும் ரீல்ஸில் சுற்றுகின்றன. தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயிலில் காட்டாங்குளத்தூரில் இறங்கும் கல்லூரிப் பசங்களின் ஹெட்போனிலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, நம்ம ஊரில் அப்படிப் பாட்டுப் பாடி வெள்ளைக்காரனை அலற வைத்தவர் யாரும் இல்லையா? இருந்தார். பெயர் எஸ்.எஸ்.விஸ்வநாத தாஸ். முருகன் வேஷத்தில் மேடையேறி, சுதந்திரப் பாட்டுப் பாடி, மேடையிலேயே உயிரை விட்டவர்.

யார் இந்த விஸ்வநாத தாஸ்?

1886 ஜூன் 16-ம் தேதி சிவகாசியில் பிறந்தார். பிறகு மதுரைக்குத் தெற்கே உள்ள திருமங்கலத்தில் குடியேறினார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் திருமங்கலம்தான் நினைவுக்கு வரும்.

அவர் பிறந்தது மருத்துவர் சமூகத்தில். முடிதிருத்தும் தொழிலோடு ஊர் அடையாளப்படுத்தி, தள்ளி நிறுத்தி வைத்திருந்த சமூகம். அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்தத் தகவல் ரொம்ப முக்கியம். ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

சின்ன வயதிலேயே பாட்டில் நாட்டம். அப்படியே நாடகத்துக்கு வந்தார். அவர் வளர்ந்த காலத்தில் தமிழ்நாட்டில் சினிமா கிடையாது, ரேடியோ கிடையாது. ஊரே திரண்டு போவது நாடகத்துக்குத்தான். நல்ல குரல் இருந்தால் போதும், பெயர் பல மாவட்டங்களைத் தாண்டிப் போகும்.

தூத்துக்குடியில் அவர் பாடியதைக் கேட்ட காந்தி, இந்தக் குரலை நாட்டுக்காகப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டதாக அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு தாஸ் காங்கிரஸ்காரர். கதர் கட்டினார். புராண நாடகத்துக்கு நடுவே தேசப் பாட்டுப் பாட ஆரம்பித்தார்.

புராண நாடகத்தில் அரசியல் எப்படி நுழைந்தது?

இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பஃபூன் வேறொரு ஊர். தனித்தனியாக ஒப்பந்தம் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள்.

அது எப்படி முடியும்? எல்லோருக்கும் கதை தெரியும், அவ்வளவுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் நடிகர்களுக்கு மனப்பாடம். பார்க்க வந்தவர்களுக்கும் பாதி மனப்பாடம். அதனால் நடுவில் யார் எதைச் சேர்த்தாலும் கதை கெடாது. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துக்கொள்வார், நாடகம் ஓடும்.

இந்த இடைவெளியில்தான் தாஸ் அரசியலை வைத்தார். முன்கூட்டி எழுதிக் கொடுத்த நாடகத்தில் எதுவும் இருக்காது. ராத்திரி மேடையில் எல்லாம் இருக்கும்.

கொக்குப் பாட்டில் அப்படி என்ன இருந்தது?

வள்ளி திருமணத்தில் ஒரு காட்சி. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, தினையைத் தின்ன வரும் பறவைகளை ஆலோலம் பாடி விரட்டுவாள். முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், கடைசியில் கல்யாணம். தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாத வீடு அன்றைக்கு இல்லை.

பறவை விரட்டும் இந்தக் காட்சியில் ஒரு கொக்குப் பாட்டு சேர்ந்தது. வெள்ளை நிறக் கொக்கு ஒன்று எங்கிருந்தோ பறந்து வந்து, நம்முடையதைக் கொத்தித் தின்கிறது. அதை விரட்ட வேண்டும். மேலோட்டமாகக் கேட்டால் குழந்தைக்குக்கூடப் பாடலாம். ஆனால் வெள்ளைக் கொக்கு யார், தினை யாருடையது என்று கொட்டகையில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்து, மறுபடி பாடச் சொல்லும்.

அயர்லாந்திலும் இதே வித்தை உண்டு. 'ரோஷீன் டூவ்' என்று ஒரு பழைய ஐரிஷ் பாட்டு. சின்னக் கறுப்பு ரோஜா என்று அர்த்தம். காதலிக்குப் பாடும் பாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ரோஜாதான் அயர்லாந்து என்று பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அங்கே ரோஜா, இங்கே கொக்கு.

நேரடியாகச் சொன்னால் அது பிரசங்கம். மறைத்துச் சொன்னால், மீதியைக் கேட்கிறவரே சொல்லிக்கொள்கிறார். அந்த நிமிஷத்தில் பாட்டு அவருடையதாகி விடுகிறது. இந்த வகைப் பாட்டுகளின் பலமே இதுதான்.

போலீஸால் ஏன் தடுக்க முடியவில்லை?

சட்டம் இருந்தது. 1876-லேயே பிரிட்டிஷ் அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தது. அரசுக்கு எதிரானது என்று தோன்றும் நாடகத்தைத் தடை செய்ய அதில் வழி உண்டு. ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? அது சாமி கதை. தடை செய்தால் ஊரே கிளம்பி வரும்.

ஆகவே நாடகத்தை விட்டுவிட்டு, பாடியவரைப் பிடித்தார்கள். அதிலும் சிக்கல். மேடையில் நிற்பவர் முருகன் வேஷத்தில் இருக்கிறார். முன்வரிசையில் ஜனம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் போலீஸ் மேடையேறினால் என்ன ஆகும்?

ஆனாலும் ஏறினார்கள். தாஸ் 29 முறை கைதானதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஜெயிலுக்குப் போவார், வெளியே வருவார், அடுத்த ஊர் மேடையில் அதே பாட்டைப் பாடுவார்.

பாட்டு எப்படிச் செய்தியானது?

1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச் சூடு. பஞ்சாபில் ராணுவச் சட்டம் போட்டு, செய்தி வெளியே போகாமல் அமுக்கப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேப்பர் படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர். அந்த ஜனங்களுக்குப் பஞ்சாபில் நடந்ததை நாடக மேடைதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. பஞ்சாப் படுகொலைப் பாட்டு தாஸின் மேடையில் ஒலித்தது.

இந்த மாதிரிப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மதுரகவி பாஸ்கரதாஸ். இவரது இயற்பெயர் வெள்ளைச்சாமி. 1892-ல் பிறந்து 1952-ல் மறைந்தவர். நாடகக்காரர்கள் இவரிடம் பாட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ். அதற்கும் இவர் பாட்டு எழுதினார். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டை பற்றிய பாட்டு அந்தப் படத்தில் வந்தது இப்படித்தான். மேடையில் பழகிய உத்தி, திரைக்கும் போனது.

இன்னொரு பக்கம் மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் விற்பார்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, அதோடு காந்தி பாட்டு, பகத் சிங் பாட்டு. அரசு இவற்றில் பலவற்றைத் தடை செய்து பறிமுதல் செய்தது.

இந்தப் பழக்கம் இன்னும் பழையது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். கும்பெனிக்காரன் எழுதிய வரலாற்றில் அவர் கலகக்காரர். தெற்கத்திச் சீமையின் கதைப்பாடல்களில் அவர் வீரர். பிற்காலத்தில் பேராசிரியர் நா.வானமாமலை போன்றவர்கள் அந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தார்கள். அயர்லாந்தில் 1920 நவம்பர் 1-ல் தூக்கிலிடப்பட்ட கெவின் பாரிக்கு வயது 18, மருத்துவ மாணவர். கொஞ்ச நாளிலேயே அவர் மேல் பாட்டு வந்துவிட்டது. அங்கேயும் இங்கேயும், தூக்குக்குப் பிறகு பாட்டு கிளம்பியது.

கைதட்டியவர்கள் பக்கத்தில் நிற்க மறுத்தது ஏன்?

இதுதான் கதையில் கசப்பான இடம்.

தாஸின் குரலைக் கேட்கப் பல மைல் நடந்து வந்தார்கள். மேடையில் முருகனாக நின்றால் கும்பிட்டார்கள். ஆனால் அரிதாரத்தைக் கலைத்துவிட்டால் அவர் மருத்துவர் சாதிக்காரர். அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க முடியாது என்று நடிகைகள் சிலர் மறுத்தார்கள். காரணம் சாதிதான்.

யோசித்துப் பாருங்க. வெள்ளைக்காரனை விரட்டச் சொல்லும் பாட்டுக்கு ஊரே கைதட்டுகிறது. அதைப் பாடுகிறவர் பக்கத்தில் நிற்கக் கூச்சம். பாட்டு எல்லா வீட்டுக்குள்ளும் போனது. பாடியவருக்கு அந்த உரிமை இல்லை.

பணமும் நிற்கவில்லை. அடிக்கடி ஜெயில் என்றால் நாடக ஒப்பந்தம் எப்படி வரும்? கடன் ஏறியது. வீடு அடமானத்துக்குப் போனது. அரசுக்கு ஆதரவாகப் பாடினால் கடனை அடைத்து வீட்டை மீட்டுத் தருவதாக அன்றைய கவர்னர் எர்ஸ்கின் தரப்பில் இருந்து ஆசை காட்டியதாகவும், தாஸ் மறுத்துவிட்டதாகவும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஒரு பாட்டை நிறுத்தினால் வீடு கிடைக்கும். அவர் நிறுத்தவில்லை.

கடைசி இரவில் என்ன நடந்தது?

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். நாடகம் வள்ளி திருமணம். தாஸுக்கு வயது 54, உடம்பு சரியில்லாத நிலை. ஆனாலும் முருகன் வேஷம் கட்டினார். மயில் மேல் அமர்ந்து பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

முருகன் வேஷத்தோடேயே, மயில் வாகனத்தில் அமர வைத்து அவரது இறுதி ஊர்வலத்தை நடத்தினார்கள் என்று சொல்கிறார்கள். மறுநாள் 1941 பிறந்தது. சுதந்திரம் வர இன்னும் ஆறரை வருஷம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது.

இந்தப் பாட்டுகள் ஏன் சாவதில்லை?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, மெட்டு புதுசு இல்லை. ஏற்கெனவே காதில் ஊறிய மெட்டில் வார்த்தை மட்டும் புதுசு. ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு, எதிரியின் பெயர் பாட்டில் இருக்காது. கொக்கு என்றுதான் இருக்கும். அதனால் காலம் மாறினாலும் பாட்டு பழசாவதில்லை. அடுத்த தலைமுறை அந்தக் கொக்கில் தனக்குத் தெரிந்த ஆளைப் பார்த்துக்கொள்ளும். 2020-ல் ஐரிஷ்காரர்கள் பழைய பாட்டைத் தங்கள் அரசுக்கு எதிராகவே திருப்பியது இப்படித்தான்.

மூன்று, பாடியவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறார் என்று கேட்கிறவருக்குத் தெரியும். ஜெயில், கடன், அடமான வீடு எல்லாம் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தன. சும்மா பாடிவிட்டுப் போகிற பாட்டுக்கு இந்தக் கனம் வராது.

வள்ளி திருமணம் இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை பக்கம் திருவிழா ராத்திரிகளில் நடக்கிறது. யூடியூப்பில் மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அடுத்த முறை காட்டாங்குளத்தூரில் ரயில் ஏறும்போது ஒன்றைப் போட்டுப் பாருங்க. வள்ளி பரண் ஏறிப் பறவை விரட்டும் இடம் வந்தால் கொஞ்சம் கவனியுங்க. ஒரு காலத்தில் அந்தக் காட்சிக்காகப் போலீஸ் கொட்டகை வாசலில் காத்து நின்றது.