தம்பியின் நாட்குறிப்பு

நாஞ்சில் நாட்டின் வடபால், மலைச்சாரலில் அமைந்த சிற்றூர் கீரிப்பாறை. அதனைச் சூழ்ந்த மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிச் சமவெளியிலுள்ள நெல்வயல்களை வளம்படுத்துகின்றது. விளைந்த வயலைக் கண்டு மகிழ்வோர் பலர். அதற்கு நீர் தந்த ஓடையை நினைப்போர் சிலரே. கலையுலகிலும் அத்தகைய ஓடைகள் உண்டு. முற்காலத்தில் கீரிப்பாறை திருவிதாங்கூர் நாட்டில் அடங்கியிருந்தது. அந்நாட்டிற் பிறந்த ஓவியர் இருவரின் வரலாறு இவ்வுண்மையை விளக்கும்.

திருவனந்தபுரத்திற்கு வடக்கேயுள்ள கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இரவிவர்மா பிறந்தார். ஓவியத்தில் வல்லவரான மாமன் சிறுவனின் திறமையை உணர்ந்து பயிற்றுவித்தார். பதினான்காம் வயதில் தலைநகருக்கு அழைத்துச் சென்று, ஆயிலியம் திருநாள் மன்னரின் ஆதரவையும் பெற்றுத் தந்தார். எண்ணெய் வண்ணம் தீட்டும் முறை அக்காலத்தில் எளிதிற் கற்கக் கூடியதாக இல்லை. அரண்மனை ஓவியர் அதனைக் கற்பிக்க மறுத்தார். அவருடைய மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்பர். இவ்வாறு கற்ற இரவிவர்மா, 1873-ஆம் ஆண்டு வியன்னாக் கண்காட்சியில் பரிசு பெற்றார். இதிகாச, புராணக் காட்சிகள் அவர் தூரிகையில் உயிர்பெற்றன. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் வாயிலாக அவர் வரைந்த தெய்வப் படங்கள் ஏழையர் இல்லங்களையும் அடைந்தன.

புகழ் பெருகியபோது கதைகளும் பெருகின. வருந்தாமலே ஓவியம் தீட்ட வல்ல தெய்வப் பிறவி அவர் என்று மக்கள் கருதினர். உண்மை நிலையை அறியத் துணைபுரிவது அவருடைய இளவல் எழுதிய நாட்குறிப்பாகும்.

இளவலின் பெயர் இராசராச வர்மா. 1860-ஆம் ஆண்டு பிறந்த அவர், தமையனாரிடமே ஓவியம் பயின்றார்; இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் சிறந்து விளங்கினார். 1895 முதல் 1904 வரையிலான நிகழ்ச்சிகளை அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். பிறர் படிக்க வேண்டுமென்று எழுதப்படாத அக்குறிப்புகளில் புனைந்துரைக்கு இடமில்லை. நெடிய இரயிற் பயணங்கள், படத்திற்கு அமர்வதற்கு ஏற்றவரைத் தேடிய அலைச்சல், மன்னர்களின் கட்டளைக்குக் காத்திருந்த நாட்கள், பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய், அச்சகத்தால் விளைந்த தொல்லைகள் ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. அன்றாட உழைப்பும் கவலையுமே அப்பெரும் ஓவியங்களுக்கு அடிப்படை என்பதை அதனால் உணர்கின்றோம்.

மற்றோர் உண்மையையும் அந்நாட்குறிப்பு தெளிவாக்குகின்றது. உடன்பிறந்தார் இருவரும் ஒரே திரையில் சேர்ந்து வரைந்தனர். தமையனார் மனித உருவங்களைத் தீட்ட, பின்னணியிலுள்ள மலையையும் நீரையும் வானையும் தம்பி தீட்டியதுண்டு. கடிதப் போக்குவரத்தும் பயண ஏற்பாடும் பெரும்பாலும் தம்பியின் பொறுப்பாகவே இருந்தன. இருவர் பெயரையும் தாங்கிய ஓவியங்கள் சில உண்டு. ஆயினும் உலகம் போற்றியது ஒரு பெயரையே. அதனால் அன்பு குறையவில்லை. கூட்டுழைப்பும் இறுதிவரை தளரவில்லை.

1905-ஆம் ஆண்டு இராசராச வர்மா மறைந்தார். வலக்கை போன்ற தம்பியை இழந்த இரவிவர்மா, அடுத்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரில் உயிர் நீத்தார். அந்நாட்குறிப்பு நூறாண்டுகள் கழித்து, 2005-இல் நூலாக வெளிவந்தது.

ஓவியத்தில் முன்னிற்கும் உருவமே முதலில் நம் கண்ணைக் கவர்கின்றது. அதன் பின்னே விரிந்து கிடக்கும் வானையும் மலையையும் சற்று நின்று நோக்குதல் வேண்டும். புகழ் நாடாது உழைத்த மற்றொரு கையை அங்கே நாம் காணலாம்.