தபால் கார்டில் வந்த ஆராய்ச்சி

நரம்பு என்றால் மின்சாரக் கம்பி மாதிரி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நூறு வருஷங்களுக்கு முன் பல விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். நரம்பு நுனியில் ஒரு ரசாயனம் சுரந்து அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்கிறது என்று நிரூபித்தவர் ஆட்டோ லோவி. மருந்தியல் பாடம் நடத்திய காலத்தில் நான் மாணவர்களுக்கு ஆசையாகச் சொன்னது இவர் கதைதான்.

1873-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் ஒயின் வியாபாரி. பிள்ளைக்குக் கலை வரலாறு படிக்க ஆசை. வீட்டாருக்கு அவர் டாக்டராக வேண்டும். (நம் ஆத்துக் கதை மாதிரி இல்லையோ?) மருத்துவம் படித்து, 1909-ல் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் மருந்தியல் பேராசிரியரானார்.

ஈஸ்டர் சமயத்தில் ஒரு ராத்திரி சொப்பனத்தில் ஒரு பரிசோதனை தோன்றியது. அரைத் தூக்கத்தில் துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே புரியவில்லை! மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அதே சொப்பனம் திரும்ப வந்தது. இந்தத் தடவை எழுதிக்கொண்டு உட்காரவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

உப்புக் கரைசலில் துடிக்கும் இரண்டு தவளை இதயங்கள். ஒன்றில் வேகஸ் நரம்பு உண்டு, மற்றதில் இல்லை. நரம்பைத் தூண்டியதும் முதல் இதயம் மெதுவாகியது. அந்தக் கரைசலை எடுத்து இரண்டாவதில் விட்டார், அதுவும் மெதுவாகியது. நரம்பே இல்லாத இதயத்துக்குச் செய்தியைக் கொண்டுபோனது கரைசலில் கலந்திருந்த ஏதோ ஒரு பொருள்தான். 1921-ல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் அசிடைல்கோலின் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

செல்லில் அதை வாங்கிக்கொள்ளும் இடம்தான் ரிசெப்டர். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் லாங்லி 1905-லேயே சொல்லியிருந்தார். கண்ணில் விடும் அட்ரோபின் சொட்டு மருந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பாப்பா விரிகிறது.

1936-ல் நண்பர் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. இரண்டே வருஷத்தில், 1938 மார்ச் 11 இரவு, ஆஸ்திரியா நாஜிகள் வசமானபோது, லோவியைச் சிறையில் தள்ளினார்கள். பிள்ளைகளில் இருவரும் கைதானார்கள். உயிர் போய்விடும் என்றே நினைத்தார். அவர் கேட்டது ஒரு தபால் கார்டும் பேனாவும். கடைசியாகச் செய்த ஆராய்ச்சியின் முடிவைச் சுருக்கி எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பிய பிறகே மனசு அமைதியாயிற்றாம். இந்த இடத்தில் என் வகுப்பு எப்போதும் நிசப்தமாகிவிடும்.

இரண்டு மாதம் கழித்து விடுதலை. ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த பரிசுப் பணத்தை நாஜி வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் தேசத்தை விட்டுப் போக விட்டார்கள். மனைவியை உடன் அழைத்துப் போக முடியவில்லை. அந்த அம்மாள் 1941-ல்தான் வந்து சேர்ந்தார்.

1940-ல் அமெரிக்காவில் கப்பல் இறங்கும்போது தன் மருத்துவச் சான்றிதழைப் பார்த்துத் திடுக்கிட்டார். தள்ளாமை, சம்பாதிக்க இயலாதவர் என்று எழுதியிருந்தது! நல்ல வேளை, அதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. 67 வயதில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், 1961 டிசம்பர் 25-ல் தம் 88-வது வயதில் காலமானார்.