தும்புத்தடி குதிரையாகும்போது: குழந்தை விளையாட்டைப் படித்த வைகொட்ஸ்கியின் கதை

நான்கு வயதுப் பிள்ளை ஒன்று தும்புத்தடியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடுகிறது. பார்க்கும் நமக்கு அது தும்புத்தடி. பிள்ளைக்கு அது குதிரை. ஆனால் முற்றம் கூட்ட வேண்டும் என்று அம்மா கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். அது தும்புத்தடிதான் என்பதும் பிள்ளைக்குத் தெரியும்.

ஒரே பொருளை இப்படி இரண்டாகப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வளர்ச்சி என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர் லெவ் வைகொட்ஸ்கி. நமது ஆசிரியர் பயிற்சிகளில் அவருடைய பெயர் அடிக்கடி வரும். பரீட்சைக்காக அவருடைய கோட்பாட்டைப் பாடமாக்கியவர்களும் பலர். அந்தப் பெயருக்குப் பின்னால் 37 வயதில் முடிந்துபோன ஒரு வாழ்க்கை இருக்கிறது.

1896 நவம்பரில், இன்றைய பெலாரஸில் உள்ள ஓர்ஷா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். வளர்ந்தது கோமெல் நகரில். தந்தை வங்கியில் உயர் பதவி வகித்தார். தாய் ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. வெளியே நிலைமை வேறு. ரஷ்யப் பேரரசில் யூதர்கள் விரும்பிய இடத்தில் வாழ முடியாது. 1903இல் கோமெலில் யூதர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது அவர் சிறுவன்.

1913இல் பள்ளிக்கூடத்தை மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் முடித்தார். மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்கு 100க்கு 3 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த இடங்களுக்குத் திறமையைப் பார்க்காமல் சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தெரிவு செய்யும் முறை அந்த வருடம்தான் கொண்டுவரப்பட்டது. சீட்டு அவருக்கு விழுந்தது. இலக்கியமும் வரலாறும் படிக்கத்தான் ஆசை. ஆனால் அவற்றைப் படித்தால் கிடைப்பது அரச பாடசாலை ஆசிரியர் வேலை. யூதர்களுக்கு அது கிடையாது. எனவே மருத்துவத்தில் சேர்ந்து, பிறகு சட்டத்துக்கு மாறினார். கூடவே இன்னொரு பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் படித்தார். ஷேக்ஸ்பியரின் ஹம்லெட் நாடகம் பற்றி ஒரு நீண்ட ஆய்வும் எழுதினார்.

1917 புரட்சி யூதர்கள் மீதான தடைகளை நீக்கியது. கோமெலுக்குத் திரும்பி ஆசிரியரானார். இலக்கியம் கற்பித்தார், ஆசிரியர் கலாசாலையில் உளவியல் கற்பித்தார், சிறிய ஆய்வுகூடம் ஒன்றையும் அமைத்தார். அது உள்நாட்டுப் போரும் பஞ்சமும் நோயும் நிறைந்த காலம். 1920இல் காசநோய் அவரைப் பிடித்தது. அன்று அந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. அதன்பின் அவர் செய்த ஒவ்வொரு வேலையும், நேரம் குறைவு என்று தெரிந்துகொண்டே செய்த வேலை.

1924 ஜனவரியில் பெட்ரோகிராட்டில் நடந்த உளவியல் மாநாட்டில், மாகாண நகரமொன்றிலிருந்து வந்த 27 வயது ஆசிரியராக அவர் பேசினார். அந்தப் பேச்சு மொஸ்கோ உளவியல் நிறுவனத்தின் கதவைத் திறந்தது. மனைவி ரோசாவுடன் அங்கே போனார். முதலில் தங்கியது நிறுவனக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில்.

போரும் பஞ்சமும் இலட்சக்கணக்கான பிள்ளைகளை வீதியில் விட்டிருந்த காலம் அது. காது கேளாத, பார்வையற்ற, கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளோடு அவர் வேலை செய்தார். காது கேளாதோர் கல்வி பற்றிய மாநாட்டுக்காக 1925இல் லண்டன் போனார். திரும்பி வந்ததும் நோய் முற்றி, மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். அங்கிருந்தும் எழுதினார்.

அவருக்கு இரண்டு மகள்கள். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதும் அவருடைய ஆய்வின் ஒரு பகுதி. 1933இல், லெனின்கிராட்டில் உள்ள ஹெர்சன் கல்வியியல் நிறுவனத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு விரிவுரை ஆற்றினார்.

மிகச் சிறிய குழந்தைக்கு வேண்டியது உடனே வேண்டும். இல்லாவிட்டால் அழும், அல்லது கவனம் வேறு பக்கம் போய்விடும். மூன்று வயதையொட்டி ஒரு மாற்றம் வருகிறது. அப்பாவைப் போல வண்டி ஓட்ட வேண்டும், அம்மாவைப் போல சமைக்க வேண்டும் என்ற ஆசைகள் வருகின்றன. அவை இப்போதைக்கு நிறைவேறாதவை. ஆனால் மறந்தும் போகாதவை. அந்த இடைவெளியில்தான் பாவனை விளையாட்டு பிறக்கிறது என்றார் வைகொட்ஸ்கி.

குதிரை என்ற கருத்தை உண்மையான குதிரையிலிருந்து பிரித்தெடுக்கக் குழந்தைக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம்தான் தடி. தடி குதிரையைப் போல இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஏறி ஓட முடிய வேண்டும். ஒரு தபால் அட்டை குழந்தைக்குக் குதிரையாகாது. விளையாட்டுப் பொருளுக்கு அவர் வைத்த அளவுகோல் இதுதான்: அதை வைத்துப் பிள்ளை என்ன செய்ய முடியும்?

இரண்டாவது விடயம் கட்டுப்பாடு. பாவனை விளையாட்டில் எதையும் செய்யலாம் என்று நாம் நினைக்கிறோம். அவர் கண்டது வேறு. அம்மாவாக நடிக்கும் பிள்ளை அம்மாவைப் போலவே நடக்க வேண்டும். கடைக்காரராக இருக்கும் பிள்ளை காசு வாங்காமல் சாமான் கொடுக்கக் கூடாது. யாரும் சொல்லாமல், தானே விரும்பி ஒரு விதிக்குக் கட்டுப்படப் பிள்ளை பழகுவது இங்கேதான். 1948இல் மனுய்லெங்கோ என்ற சோவியத் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அசையாமல் நில் என்று சொன்னபோது நின்றதைவிட, காவல்காரர் வேடத்தில் பிள்ளைகள் கூடுதல் நேரம் அசையாமல் நின்றார்கள்.

மூன்றாவது விடயம்தான் இன்று நமக்கு மிக நெருக்கமானது. எழுத்தின் தொடக்கத்தைத் தேடி வைகொட்ஸ்கி ஒரு சோதனை செய்தார். ஒரு புத்தகத்தை வைத்து இது வீடு என்றார். திறப்புகள் பிள்ளைகள். பென்சில், பிள்ளை பார்க்கும் பெண். கைக்கடிகாரமல்ல, சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று மருந்துக்கடை. கத்தி வைத்தியர். மைக்கூட்டின் மூடி குதிரை வண்டி. இவற்றை நகர்த்தி, வைத்தியர் வண்டியில் வந்து வருத்தக்காரப் பிள்ளையைப் பார்ப்பது போன்ற ஒரு கதையைக் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்தக் கதையை அப்படியே வாசித்தார்கள்.

ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கலாம் என்று அறிந்த பிள்ளைக்கு, ஒரு கோடு ஒரு சொல்லைக் குறிக்கலாம் என்பது பெரிய பாய்ச்சலல்ல. பாவனை விளையாட்டிலிருந்து சித்திரத்துக்கும், சித்திரத்திலிருந்து எழுத்துக்கும் ஒரே பாதைதான் போகிறது என்றார் அவர். மொண்டிசோரி முறையில் நான்கரை வயதிலேயே பிள்ளைகள் எழுதுவதை அவர் கவனித்திருந்தார். சிறுவயதில் எழுதப் பழகுவதற்கு அவர் எதிரியல்ல. எழுத்து வெறும் கைப்பயிற்சியாகிவிடக் கூடாது, பிள்ளைக்கு அதில் ஒரு தேவை இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

1934 ஜூன் 11ஆம் திகதி மொஸ்கோவில் காசநோயால் இறந்தார். அவருடைய முக்கிய நூலான ‘சிந்தனையும் பேச்சும்’ அவர் இறந்த பிறகு அதே வருடம்தான் வெளிவந்தது. இரண்டு வருடங்களில், குழந்தை வளர்ச்சி ஆய்வுத் துறையொன்றைக் கண்டித்து 1936 ஜூலையில் கட்சி தீர்மானம் போட்டது. ஸ்டாலின் காலம் முடியும்வரை வைகொட்ஸ்கியின் நூல்கள் ஒதுக்கியே வைக்கப்பட்டன. 1956இல்தான் மறுபதிப்புகள் தொடங்கின. விளையாட்டு பற்றிய அந்த விரிவுரை ரஷ்ய மொழியில் அச்சானது 1966இல். பேசி 33 வருடங்களுக்குப் பிறகு. அடுத்த வருடம் ஆங்கிலத்தில் வந்தது.

அவர் சொன்ன எல்லாமே நிரூபிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. பாவனை விளையாட்டின் பயன்கள் பற்றிய ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர்கள், பல ஆய்வுகளின் சான்று பலவீனமானது என்றார்கள். ஆனால் விளையாட்டை எடுத்துவிட்டுக் கொப்பியைக் கொடுங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

நமது ஊரில் முன்பள்ளியையே மொண்டிசோரி என்று அழைப்பவர்கள் பலர். அதன் வாசலில் நிற்கும் பெற்றோரின் முதல் கேள்வி, பிள்ளை எழுதத் தொடங்கிவிட்டதா என்பதுதான். வீட்டில் அதே பிள்ளை சிரட்டையில் மண்சோறு ஆக்கி, பூவரசம் இலையில் பரிமாறி, சூடு என்று ஊதிக்கொண்டிருக்கும். எழுத்து அங்கே தொடங்கிவிட்டது. கடையில் வாங்கிய சமையல் செட்டோ வெறும் காட்போட் பெட்டியோ, இரண்டும் அந்த வேலையைச் செய்யும். பிள்ளை நீட்டும் அந்த மண்சோற்றை ஒரு வாய் சாப்பிடுவதாகப் பாவனை செய்ய நமக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.