மிக்கைல் சுவெட்

மிக்கைல் செமியோனோவிச் சுவெட் (மே 14, 1872 – ஜூன் 26, 1919) இலைகளில் உள்ள ஒளிச்சேர்க்கை நிறமிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டிய உருசியத் தாவரவியலாளர் ஆவார். வண்ணப்பிரிகை முறையைக் கண்டறிந்தவர் இவரே. எனினும் இவர் வாழ்ந்த காலத்தில் வேதியியலாளர் பலர் அம்முறையை நம்பவில்லை.

வாழ்க்கைச் சுருக்கம்

சுவெட் இத்தாலியின் ஆஸ்தி நகரில் உருசியத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தார். பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்தார். 1896ஆம் ஆண்டு ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று உருசியா சென்றார். அங்கு வெளிநாட்டுப் பட்டம் ஏற்கப்படாமையால், மீண்டும் ஆய்வு செய்து 1901இல் கசான் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அன்று உருசியப் பேரரசின் கீழிருந்த வார்சாவில் பணியாற்றினார்.

நிறமிகளைப் பிரித்தல்

இலைப் பச்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறமிகள் கலந்துள்ளன என்பதை 1864இல் ஸ்டோக்ஸ் நிறமாலை வழியாக அறிந்திருந்தார். ஆனால் அமிலம், காரம் போன்றவற்றால் பிரிக்க முயன்றால் நிறமிகளே சிதைந்தன.

பெட்ரோலியம் ஈதர் இலையிலிருந்து கரோட்டினை எளிதில் கரைத்து எடுக்கிறது. பச்சையமோ சிறிது ஆல்கஹால் சேர்த்தால்தான் வெளிவருகிறது. இதைக் கவனித்த சுவெட், பச்சையம் ஈதரில் கரையாததல்ல, இலைத்திசு அதைத் தன் பரப்பில் பற்றிக்கொள்கிறது என முடிவு செய்தார். அவ்வாறாயின் வேறொரு பொருளின் பரப்பும் நிறமிகளை வெவ்வேறு அளவில் பற்ற வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட்டுத் தூளை இறுக்கி நிரப்பி, இலைச்சாற்றை ஊற்றி, மேலும் கரைப்பானைச் செலுத்தினார். கரோட்டின் முதலில் கீழே இறங்கியது. நீலப்பச்சை நிறப் பச்சையம் ஏ, மஞ்சள்பச்சை நிறப் பச்சையம் பி, மஞ்சள் நிறச் சாந்தோபில்கள் ஆகியன தனித்தனி வளையங்களாகப் படிந்தன. 1903இல் வார்சாவில் இம்முறையைப் பற்றி உரையாற்றினார்; 1906இல் செருமானிய மொழியில் இரு கட்டுரைகள் வெளியிட்டு, அதற்கு வண்ணப்பிரிகை எனப் பெயரிட்டார். உருசிய மொழியில் சுவெட் என்றால் நிறம் என்று பொருள்.

எதிர்ப்பும் இறுதிக்காலமும்

போலந்து வேதியியலாளர் மார்ச்லெவ்ஸ்கி இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். பச்சைய ஆய்வுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டரும், தூளில் படியும்போது பச்சையம் மாறிவிடுவதாகக் கருதினார். சுவெட்டின் விரிவான நூல் (1910) உருசிய மொழியில் இருந்ததால் பரவலாகப் படிக்கப்படவில்லை.

முதல் உலகப் போரில் வார்சாவை விட்டு வெளியேறிய சுவெட், ஊர் ஊராக இடம்பெயர்ந்தார். நீண்டகால நோயுற்று, 47ஆம் வயதில் வொரோனெழ் நகரில் காலமானார்.

பிற்கால ஏற்பு

1931இல் ஐடல்பர்க்கில் கூன், வின்டர்ஸ்டைன், லெடரர் ஆகியோர் இதே முறையால் கரோட்டின் வகைகளைப் பிரித்தபோது அதன் மதிப்பு உணரப்பட்டது. கூனுக்கு 1938ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும், வண்ணப்பிரிகையின் புதிய வடிவத்திற்காக மார்ட்டின், சிஞ்சு இருவருக்கும் 1952இல் அதே பரிசும் கிடைத்தன. இன்று பள்ளி மாணவர்கள் வடிதாள் துண்டில் இலைச்சாற்றின் நிறமிகளைப் பிரித்து அறிவது சுவெட்டின் வழியிலேயே ஆகும்.