பயாஸ் தந்த பேராசிரியர்

பழைய கணிப்பொறி ஒன்றை முடுக்கினால் அதில் முதலில் கண்விழிப்பது பயாஸ். நினைவகம் எவ்வளவு, தட்டுகள் எத்தனை, இன்றைய நாள் யாது என்று நாம் அமைத்துக் கொடுக்கும் திரையையும் அப்பெயராலேயே அழைத்துப் பழகிவிட்டோம். அப்பெயரை வழங்கியவர் கேரி கில்டால் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் 1942-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். குடும்பத்தார் மாலுமிகளுக்குக் கடல்வழி அறியும் கலையைக் கற்பிக்கும் பள்ளி நடத்தினர். இளமையில் அவரும் அங்கே பாடம் சொன்னார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972-இல் முனைவரானார். கலிபோர்னியாவின் மான்டரே நகரில், கடற்படையின் முதுகலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார்.

கணிப்பொறிகள் பெரிய அறைகளை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1971-இல் இன்டெல் நிறுவனம் விரல்நகம் போன்ற சிறு சில்லை வெளியிட்டது. அதில் வருங்காலத்தைக் கண்டார் கில்டால். 1974-இல், ஃபிளாப்பித் தட்டுடன் இயங்கும் சிபி/எம் என்னும் இயக்க முறைமையைப் படைத்தார். மனைவி டோரதியுடன் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு பொறியின் விசைப்பலகையும் திரையும் தட்டும் வெவ்வேறு வகை. பொறிக்கொரு முறை முழுவதையும் திருத்தி எழுதுவதா? பொறிக்குப் பொறி மாறும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். ஊர்தோறும் செல்லும் நாடகக் குழு கதையை மாற்றுவதில்லை. மேடைக்கேற்பத் திரையை மாற்றிக் கட்டுகிறது. அதுவே அவர் கண்ட வழி.

1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அவரை நாடியது. உடன்பாடு ஏற்படவில்லை, வாய்ப்பு மைக்ரோசாஃப்டிடம் சென்றது. பிறகு ஐ.பி.எம். பொறிக்கு இரண்டும் விற்பனைக்கு வந்தபோது டாஸ் 40 டாலர், சிபி/எம் 240 டாலர். எதை மக்கள் வாங்கினர் என்று சொல்லவும் வேண்டுமோ? எனினும் அப்பொறியின் உள்ளேயும் பயாஸ் இருந்தது! 1981-இன் பொறியில் பலகை மேலுள்ள சிறு சொடுக்கிகளைத் தள்ளி அமைப்பைக் குறித்தனர். 1984-இல் வந்த ஏ.டி. பொறியோ மின்கலத்தின் துணையால் அமைப்பை நினைவில் வைத்தது.

1991-இல் நோவெல் நிறுவனம் டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது. 1994 ஜூலை 11-ஆம் நாள், 52-ஆம் வயதில் கில்டால் மறைந்தார். நிறுவனம் இருந்த பசிபிக் குரோவ் இல்லத்தின் முன் 2014-இல் நினைவுப் பலகை பதிக்கப்பெற்றது.

தோழர்களே, செல்வமும் புகழும் வேறிடம் சேர்ந்தன. ஆயினும் மாறுவதையும் மாறாததையும் பிரித்தறிந்த அந்த ஆசிரியரின் அறிவு, கோடிக்கணக்கான பொறிகளில் முதலில் கண்விழித்தது. தேர்வுத்தாளில் இடம்பெறாத இத்தகையோரையும் நாம் அறிந்திருத்தல் நன்று.