ழாக் மொனோ: போரின் நடுவே தொடங்கிய ஒரு தேடல்

உயிரியல் படித்தவர்கள் ழாக் மொனோவின் பெயரை அறிவார்கள். அவருடைய ஆய்வின் நடுவே ஒரு போரும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அவரைப் பற்றி நான் எழுத விரும்பியது அதனால்தான்.

1910இல் பரிஸில் பிறந்தவர். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் ஒரு காலைப் பாதித்தது. சோர்போன் ஆய்வுகூடத்தில் பற்றீரியாக்களுக்குக் குளுக்கோஸ், லக்ரோஸ் என்ற இரண்டு சீனிகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அவை குளுக்கோஸை முடித்து, சற்று ஓய்ந்திருந்து, பிறகுதான் லக்ரோஸைத் தொட்டன. அந்த இடைவெளி ஏன்? இந்த ஆய்வுக்காக 1941இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றபோது, பரிஸ் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது.

அவருடைய மனைவி ஒடெற் யூதப் பெண். மொனோ தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். இரகசியக் கடதாசிகளை ஒட்டகச்சிவிங்கியொன்றின் கால் எலும்புக்குள் ஒளித்து வைத்தார். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிப் புதைத்த எங்களுக்கு இது விளங்கும். சோர்போனுக்குப் போவது ஆபத்தானபோது, பாஸ்ச்சர் நிறுவனத்தில் ஆந்திரே லூவோவின் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

பின்னர் அங்கே அவருடன் இணைந்தவர் பிரான்சுவா ஜாக்கோப். 1944இல் நோர்மண்டியில் படுகாயமடைந்து, சத்திரசிகிச்சை நிபுணராகும் கனவை இழந்தவர். ஆராய்ச்சிக்கு வந்தபோது வயது 30.

இருவரும் 1961இல் விடையை வெளியிட்டார்கள். லக்ரோஸ் இல்லாதபோது ஒரு புரதம் மரபணுவின் முன்னால் அமர்ந்து, அது வாசிக்கப்படாமல் தடுக்கிறது. லக்ரோஸ் வந்ததும் அந்தப் புரதம் விலகுகிறது. சீனியை உடைக்கும் நொதியம் உருவாகிறது. மரபணுவுக்கும் ஓர் ஆளி உண்டு! 1965இல் லூவோவுடன் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மொனோ 1976இல் காலமானார். 1992இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில், பற்றீரியாவின் இன்னோர் ஆளியை மாற்றியமைத்து மனிதக் கலங்களில் பொருத்தினார்கள். ரெட்ராசைக்கிளின் மருந்து கொடுத்தால் மரபணு நின்றது. 2001இல் மொனோவின் அதே லக் ஆளி எலிகளிலும் வேலை செய்தது. நிறமற்றிருந்த எலிகளுக்கு, லக்ரோஸை ஒத்த பொருளொன்றைக் குடிநீரில் கலந்து கொடுக்க நிறம் வந்தது. ஒரு மரபணுவை வேண்டியபோது நிறுத்தி, நோய்களில் அதன் பங்கை அறிய இத்தகைய ஆளிகள் இன்று உதவுகின்றன.

போர் முடிந்ததும் மொனோவுக்கும் ஜாக்கோப்புக்கும் இடம் கொடுக்க ஓர் ஆய்வுகூடம் இருந்தது. படிப்பு முறிந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு அப்படியொரு கதவு திறக்கவில்லை. கெட்டித்தனம் எங்களிடமும் குறைவில்லை. 30 வயதில் திரும்பி வருபவருக்கும் ஒரு கதிரை போட்டுக் கொடுக்கும் இடங்களைத்தான் நாங்கள் இனி உருவாக்க வேண்டும்.